பூ விழுந்த கண்ணும் சொறி பிடித்த தோலும்: யாரிடம் காட்டுவது?

காலபோக வெட்டு முடிந்து வயலுக்குள் மாடுகளை அவிழ்த்துவிட்ட மூன்றாம் நாள் பின்னேரம், சிவப்பி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பட்டிக்கு வந்தாள். இடப்பக்கக் கன்னத்தில் கண்ணீர் வடிந்து கறுப்புக் கோடாகக் காய்ந்திருந்தது. அந்தக் கோட்டில் இலையான்கள் அப்பிக் கிடந்தன.

பக்கத்து வளவுப் பெரியவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "தம்பி, உது பூ விழப்போகுது. உப்பையும் வெத்திலையையும் சப்பி ஊதிவிடு, தெளியும்." மைத்துனன், சந்தியில் பாமசி திறந்திருக்கு, சொட்டு மருந்து வாங்கிவாறன் என்று மோட்டார் சைக்கிளை எடுத்தான். மனைவி மட்டும், "காலமை மிருக வைத்தியரிட்டைக் கேட்டிட்டுச் செய்யுங்கோவன்" என்றாள். உப்பு ஊதுவது நாகரிகமாகப் படவில்லை, காலைவரை பொறுக்கவும் மனமில்லை. மைத்துனன் சொன்னதைக் கேட்டேன். மனிதருக்கு விற்கும் ஒரு சொட்டு மருந்து வந்தது. இரண்டு நாள் சிவப்பு குறைந்தது, எங்களுக்குப் பெரிய சந்தோசம். ஐந்தாம் நாள் கருமணி பால்நிறமானது, எட்டாம் நாள் நடுவில் குழி விழுந்தது. சிவப்பி இன்றும் பால் தருகிறாள், ஆனால் இடப்பக்க வேலிக்கம்பியை நெஞ்சால் முட்டித்தான் கண்டுபிடிக்கிறாள்.

அந்தச் சொட்டில் கிருமிக்கொல்லியோடு ஸ்டீரொயிட் கலந்திருந்தது. விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பிறகு, மாடு, ஆடு, நாய் எதற்கு வருத்தம் வந்தாலும் 'எங்கே கிட்ட இருக்கு, எவ்வளவு முடியும்' என்ற கேள்விக்கு முன்னால் 'எந்த உறுப்பு' என்று கேட்கப் பழகிக்கொண்டேன். கண், தோல், காது மூன்றும் வெளியில் தெரிகிற உறுப்புகள்தான். ஆனால் மூன்றும் நமக்குத் தரும் தவணை ஒன்றல்ல.

இலங்கையின் வன்னியில், எங்கள் பக்கத்தில் உள்ள வழிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒட்டுசுட்டானோ மல்லாவியோ நெடுங்கேணியோ, கதை அதிகம் மாறாது. வீட்டுக் கைவைத்தியம் இருக்கிறது. சந்திப் பாமசி இருக்கிறது. அரச கால்நடை வைத்திய அலுவலகமும், அதோடு சேர்ந்து ஊருக்குள் வரும் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியரும் இருக்கிறார்கள். வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் என்று போனால் தனியாரிடம் காட்டலாம். எல்லாவற்றுக்கும் அப்பால், ஏ9 வீதி கண்டியில் தொடங்கும் அந்த முனையில் பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலை. இப்போது ஆறாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது: போனில் படம் எடுத்து அனுப்பிக் கேட்பது.

கண்ணில் தொடங்குகிறேன். அதில்தான் நான் தோற்றேன்.

மாட்டுக் கண்ணில் நீர் வடிய எங்கள் பக்கத்தில் பொதுவான காரணங்கள் சில. வெட்டுக்காலத்தில் நெற்சுணை, வைக்கோல் துரும்பு. இலையான் பெருகும் காலத்தில், இலையான் காலில் கண்ணுக்குக் கண் காவப்படும் மொரக்செல்லா என்ற பற்றீரியா. இது தொற்றினால் முதலில் கண்ணீர், வெளிச்சத்துக்குக் கூச்சம், ஓரிரு நாளில் கருமணி நடுவில் வெள்ளைப் புள்ளி. அதைத்தான் ஊரில் பூ விழுதல் என்கிறோம். பட்டியில் ஒன்றுக்கு வந்தால் ஒரு கிழமைக்குள் நாலுக்கு வரும். கண்ணுக்குள்ளேயே வாழும் மெல்லிய வெள்ளைப் புழுவும் உண்டு, அதையும் இலையான்தான் கொண்டுவருகிறது. இமையின் உள்மடிப்பில் நூல்போல நெளிவதைக் கண்டால் பயப்படத் தேவையில்லை, மருந்து இருக்கிறது.

வைத்தியரிடம் போகுமுன் நாமே பார்க்கக்கூடியது நிறைய. மாட்டை நிழலில் கட்டி, தலையை ஒருவர் பிடிக்க, ரோச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்க்க வேண்டும். நேரே அடித்தால் வெளிச்சம் திரும்பி எங்கள் கண்ணைத்தான் கூசவைக்கும். இரண்டு கண்ணையும் ஒப்பிட வேண்டும். கீழிமையை இழுத்தால் உட்பக்கம் தெரியும், மூக்குப்பக்க மூலையில் இருக்கும் மூன்றாம் இமைக்குப் பின்னால்தான் சுணை பெரும்பாலும் ஒளிந்திருக்கும். கொதித்து ஆறிய தண்ணீரில் லீற்றருக்கு 9 கிராம் கணக்கில் உப்புக் கரைத்து, ஊசி மாட்டாத சிரிஞ்சால் மெதுவாகப் பீச்சிக் கழுவலாம். பெரியவர் சொன்ன உப்பும் இந்த உப்பும் ஒன்றுதான், வேறுபாடு அளவிலும் கொதித்த தண்ணீரிலும் இருக்கிறது. சப்பி ஊதிய உப்புத்தூள் புண்ணான கருமணியில் மணல்போல உராயும். வாயிலுள்ள கிருமியும் கூடவே போகும்.

கழுவியது முதலுதவி மட்டுமே. கண்ணைத் திறக்க மறுத்தால், வெள்ளைப் புள்ளி தெரிந்தால், பூளை மஞ்சளாக வந்தால், அன்றைக்கே அல்லது மறுநாள் காலையே அரச மிருக வைத்தியர். கருமணியில் வரும் புண் சில நாட்களில் ஆழமாகிக் கண்ணையே உடைக்கக்கூடியது. அங்கே அவர்கள் செய்யும் ஒரு சின்னச் சோதனைதான் எனக்கும் சிவப்பிக்கும் கிடைக்காமல் போனது. புளோரொசீன் என்ற செம்மஞ்சள் சாயத்தைக் கண்ணில் இட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கருமணித் தோல் கிழிந்திருந்தால் அந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். பச்சை தெரிந்தால் ஸ்டீரொயிட் வைக்கவே கூடாது. ஸ்டீரொயிட் சிவப்பைக் குறைத்து 'சுகமாகுது' என்று நம்பவைக்கும், அடியில் புண் ஆறாமல் ஆழமாகும். பாமசியில் கண்மருந்து வாங்கியே தீர வேண்டுமென்றால் பெட்டியில் டெக்சாமெதசோன், பெற்றாமெதசோன், பிரெட்னிசொலோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்றாவது பாருங்கள். குளோரம்பெனிகோல் கண்மருந்துக்கு வேறொரு தொல்லை இருக்கிறது: மனிதர் உண்ணும் பாலும் இறைச்சியும் தரும் விலங்குகளுக்கு அதைப் பல நாடுகள் தடைசெய்திருக்கின்றன. பால் கறக்கிற மாட்டின் கண்ணில் அதை ஊற்றிவிட்டுப் பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுப்பது, வாங்கிக் குடிப்பவருக்குச் செய்கிற நியாயமில்லை.

மொரக்செல்லாவுக்கு வைத்தியர் பெரும்பாலும் நீண்டநேரம் வேலைசெய்யும் ஒக்சிரெற்றாசைக்கிளின் ஊசி போடுவார். நாளுக்கு மூன்று தரம் மாட்டைத் துரத்திப் பிடித்துக் களிம்பு பூச எங்களால் முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஊசி போட்டால் எத்தனை நாள் பால் கொடுக்கக்கூடாது என்று அவரிடமே கேட்டு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். போதனாசிரியர் ஒருவர் காட்டித்தந்த ஒரு வேலை எனக்குப் பிடித்துப்போனது: பழைய ஜீன்ஸ் துணியை வட்டமாக வெட்டி, கண்ணைச் சுற்றியுள்ள மயிரில் பசையால் ஒட்டி, அடிப்பக்கம் கொஞ்சம் திறந்துவிடுவது. வெய்யில் படாது, இலையான் ஏறாது, கண்ணீர் கீழால் வடியும். மாடு கடற்கொள்ளைக்காரன்போல இரண்டு கிழமை திரியும், பரவாயில்லை.

இரண்டு கண்ணிலும் பூளையில்லை, சிவப்பில்லை, ஆனால் கன்று மைம்மலில் தடக்கி விழுகிறது என்றால் அது வேறு கதை. ஆவணி, புரட்டாதி வரை பச்சைப் புல்லே காணாத மாடுகளுக்கு விற்றமின் ஏ குறைந்து மாலைக்கண் வருவதுண்டு. இதற்குச் சொட்டு மருந்தில் பதிலில்லை. ஊசியும், கிளிரிசிடியா, முருங்கை என்று ஏதாவது பச்சைக் குழையும் வேண்டும். கண்ணில் வருகிற எல்லாக் குறையும் கண்ணில் தொடங்கியதல்ல. நாயிலும் அப்படித்தான். உண்ணி அப்பிய நாயின் கண் நீலம் பாய்ந்து கலங்கினால் உண்ணிக் காய்ச்சலை நினைக்க வேண்டும். அது இரத்தத்தில் உள்ள நோய், வாரக்கணக்கில் குளிசை எடுக்க வேண்டியது.

ஆகவே கண்ணுக்கு என் தீர்ப்பு ஒன்றுதான். கழுவுவது வீட்டில், மருந்து மிருக வைத்தியர் கையால். பாமசிக் குறுக்குவழி இல்லை.

தோலுக்கு வந்தால் நான் இவ்வளவு கடுமையாக இல்லை. தோல் பெரும்பாலும் தவணை தரும். அதனாலேயே அதில் கைவைத்தியத்துக்கு ஓர் இடமும் இருக்கிறது, அட்டூழியத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. அட்டூழியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: சொறி நாய்க்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசுவது. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் இருந்து வடித்த கறுப்பு ஒயிலை நாயின் உடம்பு முழுக்கத் தடவிவிடுவதை எத்தனை வீட்டில் கண்டிருப்பேன். அது தோலை எரிக்கும், தோலால் உள்ளே போகும், நாய் நக்கி வயிற்றுக்குள்ளும் போகும், ஈயம் போன்ற உலோகங்களும் அதோடு சேர்ந்தே போகும். சொறிப்பூச்சி சில மூச்சுமுட்டிச் சாகலாம். நாயும் சாகலாம்.

அதே வேலைக்குத் தேங்காயெண்ணெயில் கெந்தகம் குழைத்துப் பூசும் பழைய வழக்கத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். கெந்தகம் சொறிப்பூச்சியைக் கொல்லும் என்பது மருத்துவமும் ஒத்துக்கொண்ட விசயம். குறை என்னவென்றால், திரும்பத் திரும்பப் பூச வேண்டும், நாய் நக்காமல் பார்க்க வேண்டும், வீட்டிலுள்ள மற்ற நாய்க்கும் சேர்த்துச் செய்ய வேண்டும். இரண்டாம் கிழமையோடு எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

பெயர் தெரியாமல் மருந்து போடுவதுதான் தோலில் பெரிய நட்டம். மயிர் கொட்டிச் செதில் பறக்கிற நாய்க்குச் சொறிப்பூச்சியாக இருக்கலாம், மயிர்க்காலுக்குள் வாழும் டெமொடெக்ஸாக இருக்கலாம், படர்தாமரையாக இருக்கலாம், தெள்ளுக் கடியாகவும் இருக்கலாம். வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். நாயின் காதுமடல் ஓரத்தை மடித்து விரல்களுக்கிடையில் தேயுங்கள். தேய்க்கத் தேய்க்கப் பின்னங்கால் தானாகச் சொறிய எழும்பினால் சொறிப்பூச்சியைப் பலமாகச் சந்தேகிக்கலாம். நாயை மடியில் வைத்திருக்கும் பிள்ளைக்கும் கையில் கடி இருக்கிறதா என்று கேளுங்கள், அந்தப் பூச்சி மனிதரையும் கொஞ்ச நாள் கடிக்கும். வைத்தியர் என்றால் சவர அலகால் இரத்தம் கசியும்வரை சுரண்டி, எண்ணெய்த் துளியில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சொறிப்பூச்சி சுரண்டலில் அகப்படாமல் போவது அடிக்கடி நடக்கும். 'ஒண்டும் இல்லை' என்று வந்தாலும் அவர் சொறிக்கு மருந்து தந்தால் அது ஏமாற்றல்ல.

இங்கேதான் அரச அலுவலகமும் தனியாரும் உண்மையாகப் போட்டி போடும் இடம் வருகிறது. அரச பக்கம் செலவு குறைவு, மருந்து சில வேளை வெளியில் வாங்க வேண்டிவரும். ஐவர்மெக்டின் ஊசி கிடைக்கும். மாட்டுக்குரிய 1 வீத ஊசி 50 கிலோவுக்கு 1 மில்லிலீற்றர் என்ற கணக்கு, தோலுக்கடியில் போடுவது. மாட்டுக்கு வாங்கி மிஞ்சியதைக் கண்மதிப்பில் நாய்க்குட்டிக்கு ஏற்றுகிறவர்களைத் தெரியும். அந்தச் செறிவில் சிரிஞ்சின் ஒரு கோடு கூடினாலும் குட்டிக்கு அது பல மடங்கு, சில இன நாய்களுக்குச் சரியான அளவே ஆபத்து. பால் கறக்கும் பசுவுக்கு அந்த ஊசி ஏற்றதல்ல என்பதும் பலருக்குத் தெரியாது. தனியாரிடம் போனால் மெல்லும் குளிசை இருக்கிறது. ஒன்று கொடுத்தால் ஒரு மாதமோ, வகையைப் பொறுத்து மூன்று மாதமோ உண்ணி, தெள்ளு, சொறிப்பூச்சி, டெமொடெக்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். ஆனால் சொறிக்கென்று நான் நாலு மாதம் சவர்க்காரத்துக்கும் எண்ணெய்க்கும் பஸ்ஸுக்கும் செலவழித்ததைக் கூட்டிப் பார்த்தபோது குளிசை மலிவாகத்தான் தெரிந்தது. ஒரு நாய் உள்ள வீட்டுக்குக் குளிசை, ஐந்து நாயும் ஊர் நாயும் சேர்ந்து திரிகிற வளவுக்கு அரச ஊசி. நான் அப்படித்தான் பிரித்துக்கொள்கிறேன்.

கன்றின் முகத்தில் சாம்பல் நிற வட்டம் வட்டமாகப் பொருக்கு வந்தால் அது படர்தாமரை. ஒன்று முதல் நாலு மாதத்தில் தானாகவே போய்விடும். காத்திருக்கலாம். தொட்ட கையைக் கழுவ வேண்டும். வெள்ளைத் தோல் உள்ள இடம் மட்டும் வெய்யிலில் வெந்து உரிந்தால், மாடு நாயுண்ணிச் செடிப் பற்றைக்குள் மேய்ந்ததா என்று பாருங்கள். அது ஈரலைப் பிடிக்கும் நஞ்சு, தோலில் பூசுவதால் தீராது. நிழலில் கட்டிவிட்டு வைத்தியரைக் கூப்பிட வேண்டும்.

தோல் தவணை தரும் என்றேன். தராத இடமும் உண்டு. 2020இல் வடக்கில்தான் இலங்கையின் முதல் தோல் கழலை நோய் தெரியவந்தது. பெரியம்மை என்று ஊரில் சொன்னது அதைத்தான். காய்ச்சல், பிறகு உடம்பெல்லாம் இரண்டு முதல் ஐந்து சென்றிமீற்றர் அகலத்தில் கட்டி கட்டியாக. நுளம்பும் கடிக்கும் இலையானும் உண்ணியும் காவிச்செல்லும் வைரசு அது, நேரடி மருந்து கிடையாது. தடுப்பூசியும், புண்ணில் கிருமி ஏறாமல் பார்ப்பதும்தான் வழி. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினால் புண்ணில் இலையான் குறையும், பூசுங்கள். ஆனால் பூசிக்கொண்டே பக்கத்துப் பட்டிக்குத் தெரியாமல் மறைத்து வைக்காதீர்கள், மாட்டை வண்டியில் ஏற்றி வைத்தியரிடம் கொண்டுபோகவும் வேண்டாம். இதற்கு வைத்தியர்தான் வர வேண்டும்.

புழுப்புண்ணையும் இதோடு சொல்ல வேண்டும். குறி சுட்ட இடத்தில், காது இலக்கத் தகடு அடித்த துளையில், கன்றின் தொப்புளில் ஈ முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு குடைந்துவிடும். அன்னமுன்னா இலையை அரைத்து வைப்பது எங்கள் ஊர் வழக்கம். புழு வெளியே வருவதை நானே கண்டிருக்கிறேன். ஆனால் அதே அன்னமுன்னாவின் கொட்டைத்தூள் கண்ணில் பட்டால் கருமணியைப் புண்ணாக்கும். காலில் வைக்கிற மருந்தைக் கண்ணோரப் புண்ணிலோ காதுக்குள்ளோ வைக்காதீர்கள். கண்ணோரத்தில் புழு என்றால் கைவைத்தியம் அங்கே முடிந்தது.

காது. இதில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்றே: பார்க்குமுன் ஊற்றுவது. இளஞ்சூட்டுத் தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், வீட்டில் கிடந்த காதுச்சொட்டு, சிலர் ஸ்பிரிட் கூட. நாயின் காதுத்துளை நேராகக் கீழிறங்கி, பிறகு உள்நோக்கித் திரும்பும். மேலிருந்து பார்த்தால் அந்த வளைவுக்கு அப்பால் எதுவும் தெரியாது. அங்கே செவிப்பறை கிழிந்திருந்தால், ஊற்றியது நேரே நடுக்காதுக்குள் போகும். சில மருந்துகள் அங்கே போனால் செவிடாக்கும், தலையைச் சாய்த்துச் சுற்றவைக்கும். பஞ்சுக்குச்சி அழுக்கை எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதே கூட.

நாம் செய்யக்கூடியது மணந்து பார்ப்பதும் நிறம் பார்ப்பதும். கோப்பித் தூள்போல வறண்ட கறுப்பு என்றால் காதுப்பூச்சி, பூனைக்குட்டிகளிலும் நாய்க்குட்டிகளிலும் அதிகம். மண்ணிற மெழுகும் புளித்த மணமும் பங்கசு. மஞ்சள் சீழும் நாற்றமும், தொட்டால் கத்துவதும் பற்றீரியா. இது மூக்கால் செய்யும் ஊகம்தான். வைத்தியர் காது பார்க்கும் குழாய்க்கருவியால் உள்ளே பார்த்து, பஞ்சில் எடுத்ததைச் சாயமிட்டுப் பார்க்கும்போதுதான் உறுதியாகும். காதுமடலுக்குள் உண்ணி தெரிந்தால் மட்டும் சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுத்து எடுங்கள், நசிக்க வேண்டாம். மடல் முழுவதும் தண்ணிப்பைபோல வீங்கித் தொங்கினால், தலையை உதறி உதறி உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறது. ஊசியால் குத்தி இறைத்தால் மறுநாள் திரும்ப நிறையும், அதற்குத் தையல் வேண்டிவரும். எங்கள் ஊர் அரச அலுவலகங்களில் எல்லா நாளும் இதற்கு வசதி இருக்காது, இந்த ஒன்றுக்கு நான் நேராகத் தனியாரிடமே போவேன்.

காது கண்போல ஒரு நாளில் கெடாது. தலை சாயாமல், சாப்பாடு விடாமல் இருந்தால் இரண்டு மூன்று நாள் பொறுத்து, அலுவலகம் திறக்கும் நாளில் போகலாம். அந்த இரண்டு நாளும் எதையும் ஊற்றாமல் இருப்பதுதான் வைத்தியம். தலை ஒருபக்கம் சாய்ந்தால், கண்மணி ஆடினால், அது உட்காது, அன்றே போக வேண்டும்.

போன் படத்தைப் பற்றி. வைத்தியருக்கு வைபரில் படம் அனுப்பி விசாரிப்பதை இப்போது எல்லோரும் செய்கிறோம். தோலுக்கு அது நல்லது. கட்டியின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து, பகல் வெளிச்சத்தில், கிட்டவும் எட்டவுமாக இரண்டு படம் எடுத்தால் பெரியம்மையா வெறும் கடியா என்று அவரால் ஓரளவு சொல்ல முடியும். கண்ணுக்குப் படம் பாதிதான் உதவும், கருமணியில் வானமும் எங்கள் தலையுமே தெரியும். மாடு கண்ணைத் திறக்கும் விதத்தை வீடியோ எடுத்தால் கொஞ்சம் மேல். காதுக்குப் படம் எடுத்து அனுப்பவே வேண்டாம்.

பேராதனை எனக்கு ஒரே ஒரு தடவைதான் தேவைப்பட்டது. தமக்கையின் நாய்க்கு ஒரு கண் உப்பிப் பிதுங்கி, இங்கே இரண்டு இடத்தில் காட்டியும் குறையாமல் போனபோது. விடிய வெளிக்கிட்டு இரவு திரும்பிய பயணம், வான் வாடகை வேறு. இங்குள்ள வைத்தியரின் கடிதத்தோடு போனதால் அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை. கடிதமில்லாமல் நேரே ஓடுகிறவர்களுக்கு, பத்துக்கு எட்டு வருத்தத்தில் வவுனியாவிலேயே கிடைத்திருக்கும் பதில்தான் கிடைக்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கொட்டிலில் வெள்ளாட்டுக் கிடாய் ஒன்று காதைத் தூணில் உரைஞ்சுகிறது. நேற்றுப் பார்த்தேன், மடலின் உட்பக்கம் தடித்த பொருக்கு, நாற்றமில்லை, தலை சாயவில்லை, குழை நன்றாகத் தின்கிறது. பெரியவர் வேப்பெண்ணெய்ப் போத்தலோடு வேலிக்கரைக்கு வந்துவிட்டார். "ஊத்த வேண்டாம் அப்பு, மடலுக்கு வெளியாலை மட்டும் பூசுவம்" என்றேன். அவருக்கு அரை மனம். திங்கட்கிழமை போதனாசிரியர் தடுப்பூசிக்கு எங்கள் பக்கம் வருகிறார், ஆட்டைக் கட்டி வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்.